உத்வாடாவின் அணையா நெருப்பு

குஜராத் மாநிலத்தின் தென்பகுதியில், அரபிக் கடலோரத்தில், உத்வாடா என்றொரு சிற்றூர் உள்ளது. மும்பையிலிருந்து சூரத் செல்லும் இருப்புப்பாதையில் இறங்கிச் சில கல் தொலைவு உள்ளே சென்றால், பழைய மரவீடுகள் நிறைந்த குறுகிய தெருக்களும் அவற்றின் நடுவே ஒரு கோயிலும் கண்ணில் படும். அந்தக் கோயிலில் கல்லால் ஆன மூலவர் இல்லை, செம்பாலான உற்சவர் இல்லை, சித்திரம்கூட இல்லை. கருவறையில், பெரியதோர் உலோகக் கலசத்தில், சாம்பல் படுகையின்மீது நெருப்பு எரிகிறது. அதுவே அங்கே மூர்த்தி. அதற்கு மேலே ஒரு கிரீடம் தொங்குகிறது. ‘ஈரான்ஷா’, அதாவது ஈரானின் அரசன், என்பது அந்த நெருப்பின் திருநாமம்.

ஒரு நாளுக்கு ஐந்து வேளை பூசை. சூரிய உதயம், உச்சி, பிற்பகல், அஸ்தமனம், நள்ளிரவு என்று பொழுது மாறும் ஒவ்வொரு முறையும் அர்ச்சகர் தம்மைத் தூய்மை செய்துகொண்டு, மூச்சுக் காற்றும் எச்சிலும் நெருப்பின்மீது படாதவாறு வெண்துணியால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, கருவறைக்குள் நுழைகிறார். சந்தனக் கட்டைகளை அடுக்கி அரசனுக்குச் சமர்ப்பிக்கிறார். மந்திரம் சொல்கிறார். மணி ஒலிக்கிறது. வெளியே நிற்கும் அடியவர்கள் பின்னர் அந்தச் சாம்பலை நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள்.

விபூதி இட்டுப் பழகிய கைகளுக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் அந்தக் கோயில் இந்துக்களுடையது அன்று. பார்சிகள் என்று அழைக்கப்படும் ஜரதுஷ்டிர சமயத்தாரின் தலையாய திருத்தலம் அது. உலகில் இன்றும் உயிருடன் விளங்கும் சமயங்களுள் மிகத் தொன்மையானவற்றில் ஒன்று ஜரதுஷ்டிரர் கண்ட நெறி. ஒரு காலத்தில் பாரசீகப் பேரரசின் அரச சமயமாகக் கோலோச்சிய அந்த நெறியை, 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் பின்பற்றுவோர் 57,264 பேர். நடுத்தரமான ஒரு நகரத்தின் மக்கள்தொகைகூட இல்லை.

சிரித்துக்கொண்டே பிறந்தவர்

ஜரதுஷ்டிரர் எந்தக் காலத்தவர் என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்பது ஒரு மரபு. ஆனால் அவர் பாடியவை எனக் கருதப்படும் ‘காதா’ என்னும் பதினேழு பாடல்களின் மொழி, ரிக்வேத மொழிக்கு மிக நெருங்கியதாக இருப்பதால், கி.மு. 1500-க்கும் 1000-க்கும் இடைப்பட்ட காலத்தை ஆய்வாளர் பலர் ஏற்கின்றனர். பிறந்த ஊரும் உறுதியில்லை. ஈரானின் கிழக்கு, மத்திய ஆசியப் பகுதி என்ற அளவில் சொல்லலாம்.

குழந்தைகள் அழுதுகொண்டு பிறக்கும். ஜரதுஷ்டிரர் மட்டும் சிரித்துக்கொண்டே பிறந்தார் என்பது அச்சமயத்தாரின் ஐதிகம். வேள்வி செய்யும் புரோகிதர் மரபில் தோன்றியவர். முப்பதாம் வயதில், வசந்த காலத்து விழா ஒன்றில், சோமரசத்துக்கு ஒப்பான ‘ஹவோம’ பானம் சமைப்பதற்காக ஆற்றில் இறங்கி நீர் முகந்தார். கரையேறியபோது ஒளிமயமான உருவம் ஒன்று எதிரே நின்றது. ‘நல்ல மனம்’ என்பது அத்தெய்வத்தின் பெயர். அது அவரைப் பரம்பொருளான அஹுர மஸ்தாவின் சன்னிதிக்கு அழைத்துச் சென்றது. ‘ஞானமே வடிவான தலைவன்’ என்பது அஹுர மஸ்தா என்ற பெயரின் பொருள்.

தரிசனம் கிட்டிவிட்டது, கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. பத்து ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தும் ஒரே ஒரு சீடர்தான் கிடைத்தார். அவரும் உறவு முறையில் தம்பி. மனம் தளராத ஜரதுஷ்டிரர், விஷ்டாஸ்பன் என்ற மன்னனின் அவையை அடைந்தார். அங்கே பொறாமை கொண்ட அரசவைப் புரோகிதர்கள், அவருடைய அறையில் மயிர், நகம், எலும்பு முதலியவற்றை ஒளித்து வைத்து, சூனியக்காரர் என்று குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளினர்.

அப்போதுதான் மன்னன் உயிருக்கு உயிராகப் போற்றிய கரிய குதிரைக்கு விபரீதம் நேர்ந்தது. அதன் நான்கு கால்களும் வயிற்றுக்குள் ஒடுங்கிவிட்டன. வைத்தியரும் மாந்திரிகரும் கைவிட்டனர். சிறையிலிருந்த ஜரதுஷ்டிரர், தாம் குணப்படுத்துவதாகச் சொல்லியனுப்பினார். ஆனால் ஒவ்வொரு காலுக்கும் ஒரு நிபந்தனை விதித்தார். மன்னன் அஹுர மஸ்தாவை ஏற்க வேண்டும், ஏற்றான், ஒரு கால் வெளிவந்தது. இளவரசன் இந்த நெறியைக் காக்க வாளேந்த வேண்டும், இரண்டாவது கால். அரசியும் ஏற்க வேண்டும்; மூன்றாவது கால். பொய்க் குற்றம் சாட்டியவர்கள் யாரெனத் தெரிய வேண்டும். நான்காவது காலும் நீண்டது, குதிரை துள்ளி எழுந்தது. கூன்பாண்டியனின் வெப்பு நோயைத் திருஞானசம்பந்தர் திருநீற்றால் தீர்த்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, எல்லா நாட்டிலும் அரசர்களின் மனம் ஒரே விதமாகத்தான் திரும்பியிருக்கிறது என்று புன்னகை தோன்றலாம்.

ஒரே வேரில் இரு கிளைகள்

ஜரதுஷ்டிர சமயத்தின் மறைநூல் அவெஸ்தா. அதன் சொற்களை வேதச் சொற்களோடு வைத்துப் பார்த்தால் வியப்பு மேலிடும். வேதத்தில் யஜ்ஞம், அவெஸ்தாவில் யஸ்ன. இங்கே ஹோதா, அங்கே ஜவோதர். இங்கே சோமம்; அங்கே ஹவோம. மந்திரம், மந்த்ர, மித்திரன், மித்ர, அதர்வன், ஆத்ரவன். விவஸ்வானின் மகன் யமன் என்று வேதம் சொல்ல, விவங்வந்தின் மகன் யிம என்று அவெஸ்தா சொல்லும். வடமொழியின் ‘ஸ’கரம் பல இடங்களில் அங்கே ‘ஹ’கரமாக ஒலிக்கும். ஸப்த என்பது ஹப்த. ஸிந்து என்பது ஹிந்து. ‘ஹிந்து’ என்னும் பெயரே அந்தப் பாரசீக நாவின் உச்சரிப்பில் பிறந்ததுதான்.

விசித்திரம் ஒன்று உண்டு. அஹுரன் என்பது அசுரன் என்ற சொல்லின் அவெஸ்த வடிவம். அங்கே அது பரம்பொருளின் பெயர். தேவன் என்பதன் வடிவமான ‘தைவ’ அங்கே தீய சக்தியைக் குறிக்கும். இதைக் கொண்டு, முன்னொரு காலத்தில் தேவரை வணங்கியவரும் அசுரரை வணங்கியவரும் சண்டையிட்டுப் பிரிந்தனர், ஒருவர் இந்தியாவுக்கும் ஒருவர் ஈரானுக்கும் வந்தனர் என்று கதை கட்டியவர்கள் பலர். கேட்கச் சுவையாக இருக்கும், சான்றுதான் போதாது. ரிக்வேதத்தின் பழைய பகுதிகளில் வருணன் போன்ற பெருந்தெய்வங்களே அசுரர் என்று போற்றப்படுகின்றனர். அச்சொல்லுக்குத் தீய பொருள் பின்னர்தான் ஏறியது. ஒரே சொல் இரு வீடுகளில் வளர்ந்து இரு குணம் பெற்றது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

வேதத்தில் பிரபஞ்ச ஒழுங்கைக் குறிக்கும் ‘ருதம்’ என்ற உயர்ந்த கருத்து, அவெஸ்தாவில் ‘அஷ’ எனப்படுகிறது. சூரியன் நேரத்தில் உதிப்பதும், பருவம் தவறாமல் மழை பொழிவதும், மனிதன் பொய் பேசாதிருப்பதும் எல்லாம் அந்த ஒரே ஒழுங்கின் பகுதிகள். அதற்கு எதிரானது ‘த்ருஜ்’, அதாவது பொய். பாரசீகருக்குப் பொய்யைவிடப் பெரிய பாவம் இல்லை.

இரண்டு ஆவிகள், ஒரு தேர்வு

ஜரதுஷ்டிரர் போதித்தது இதுதான். அஹுர மஸ்தா ஒருவரே படைக்கப்படாதவர், நன்மையே உருவானவர். ஆனால் உலகில் நன்மையோடு தீமையும் இருக்கிறது. ‘அங்ர மைன்யு’ என்ற அழிவின் ஆவி, நன்மையின் ஆவிக்கு எதிராக நிற்கிறது. இறைவன் நல்லவனாயின் குழந்தைக்கு நோய் ஏன் வருகிறது, நல்லவன் வறுமையில் ஏன் வாடுகிறான் என்று உலகின் எல்லாச் சமயங்களும் திணறும் கேள்விக்கு, அது இறைவன் செயலே அன்று, பகைவன் செயல் என்பதே இந்தச் சமயத்தின் விடை. வினைப்பயன் என்று விடை கூறும் மரபில் வந்தவர்களுக்கு இது புதிது. இந்தப் போரில் மனிதன் வேடிக்கை பார்ப்பவன் அல்லன், இறைவனின் துணைவன். எந்தப் பக்கம் நிற்பது என்பதை ஒவ்வொருவரும் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல் என்ற மூன்றும் அதற்கான கருவிகள். ‘ஹுமத, ஹூக்த, ஹ்வர்ஷ்த’ என்பர். மனம், வாக்கு, காயம் என்ற திரிகரண சுத்தியைப் பயின்றவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் துறவுக்கு அங்கே இடமில்லை. பட்டினி கிடந்து உடலை வருத்துவது புண்ணியமாகாது. உடலும் நிலமும் அஹுர மஸ்தாவின் படைப்புகள், அவற்றை வாட்டுவது பகைவனுக்கு உதவுவது. உழுவதும், மரம் நடுவதும், இல்லறம் நடத்திப் பிள்ளை பெறுவதும், நாயைப் பசியாறச் செய்வதும் தர்மம். மறுபிறவியும் இல்லை. உயிர் பிரிந்த மூன்று இரவுகள் ஆன்மா உடலருகே தங்கும். நான்காம் நாள் விடியலில் ‘சின்வத்’ என்ற பாலத்தை அடையும். அங்கே அதை வரவேற்கப் பெண்ணொருத்தி வருவாள். நல்லவனுக்கு அவள் பேரழகியாகத் தெரிவாள். தீயவனுக்கு அருவருப்பான கிழவியாகத் தெரிவாள். ‘நீ யார்?’ என்று ஆன்மா கேட்கும்போது, ‘நான்தான் உன் எண்ணம், சொல், செயல்’ என்பாள். நல்லவனுக்குப் பாலம் அகன்று வழிவிடும். தீயவனுக்கு வாள்முனையாக ஒடுங்கும்.

நரகமும் நிரந்தரமன்று. காலத்தின் முடிவில் மீட்பர் தோன்றுவார், இறந்தோர் எழுவர், உருகிய உலோக ஆறு உலகைப் புடமிடும், தீமை அடியோடு அழியும் என்பது அவர்கள் நம்பிக்கை. இறுதித் தீர்ப்பு, இறந்தோர் எழுதல், சொர்க்க நரகம், சாத்தான் ஆகிய கருத்துகள் யூத சமயத்திலும் அதன்வழி கிறிஸ்தவ, இஸ்லாமிய சமயங்களிலும் வலுப்பெற்றதில் பாரசீகத் தொடர்புக்குப் பங்குண்டு என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கி.மு. 539-இல் பாபிலோனைக் கைப்பற்றி, அங்கே சிறைப்பட்டிருந்த யூதர்களைத் தாயகம் திரும்ப அனுமதித்த சைரஸ் மன்னர் பாரசீகர். யூத மறைநூல் அவரை இறைவனால் அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று போற்றுகிறது.

சுடுகாட்டுத் தீயும் மின்னல் தீயும்

பார்சிகளை ‘நெருப்பை வணங்குவோர்’ என்று அயலார் ஏளனமாக அழைப்பதுண்டு. அவர்கள் அதை ஏற்பதில்லை. நெருப்பு அஹுர மஸ்தாவின் ஒளிக்கு அடையாளம். அதை நோக்கி நின்று அவரைத் தொழுகிறோம் என்பர். இந்த விளக்கத்தின் நியாயத்தை விக்கிரகத்தின் முன் நிற்பவர்கள் மற்றவர்களைவிட விரைவாகப் புரிந்துகொள்வார்கள்.

அக்கினிக் கோயில்களில் மூன்று தரங்கள் உண்டு. முதல் தரம் ‘ஆதஷ் பெஹ்ராம்’. இந்தியாவில் இத்தகையவை எட்டு மட்டுமே: மும்பையில் நான்கு, சூரத்தில் இரண்டு, நவ்ஸாரியில் ஒன்று, உத்வாடாவில் ஒன்று. இத்தகைய நெருப்பைப் பிரதிஷ்டை செய்வது நம்ப முடியாத அளவு கடினமான வைதிகம். பதினாறு இடங்களிலிருந்து நெருப்பு திரட்டப்பட வேண்டும். குயவரின் சூளை, பொற்கொல்லரின் உலை, கருமானின் பட்டறை, ரொட்டி சுடுபவரின் அடுப்பு, சாயம் காய்ச்சுபவரின் அடுப்பு, ஆட்டிடையரின் கணப்பு, அரசனின் மாளிகை, புரோகிதரின் இல்லம் என்று பட்டியல் நீள்கிறது. இடிவிழுந்து மரம் பற்றி எரிந்த மின்னல் தீயும் வேண்டும். அதற்காக ஆண்டுக் கணக்கில் காத்திருக்கவும் நேரும்.

அவற்றுள் முதன்மையானது பிணம் எரித்த தீ. பிணத்தை எரிப்பதையே பெரும்பாவமாகக் கருதும் சமயம் இது. நெருப்பைப் பிணத்தால் தீட்டுப்படுத்தலாகாது என்பது அவர்கள் விதி. அப்படியிருக்கச் சிதையின் நெருப்பைத் தேடிச் செல்வது ஏன்? தீட்டுப்பட்ட அக்கினியை மீட்பதே பெரும் புண்ணியம் என்பதற்காக. துளையிட்ட கரண்டியில் சந்தனத் தூளை வைத்து, சிதைத் தீயைத் தொடாமல், அதன் மேலே உயர்த்திப் பிடிப்பார்கள். வெப்பத்தாலேயே சந்தனம் பற்றிக்கொள்ளும். பற்றிய அந்த நெருப்பின்மேல் மீண்டும் ஒரு கரண்டி. அது பற்றியதும் அதன்மேல் இன்னொன்று. இப்படி 91 முறை. ஒவ்வொரு முறையும் மந்திரம் உண்டு. பதினாறு நெருப்புகளும் இவ்வாறு தத்தம் எண்ணிக்கைப்படி தூய்மை பெற்று ஒன்றாகி அரியணை ஏற ஓராண்டுக் காலம்வரை பிடிக்கும். தாழ்ந்ததெனக் கருதப்பட்ட சுடுகாட்டுத் தீயும் அரண்மனைத் தீயும் ஒரே கலசத்தில் ஒரே சுடராக எரிவதே ஆதஷ் பெஹ்ராம்.

பாலில் கரைந்த சர்க்கரை

பாரசீகத்தில் இந்த நெறி கண்ட ஏற்றத்தாழ்வுகள் பல. தரியு மன்னர் பெஹிஸ்தூன் மலைப்பாறையில் அஹுர மஸ்தாவின் அருளால் ஆட்சி பெற்றதாகப் பொறித்து வைத்தார். கி.மு. 330-இல் அலெக்சாந்தரின் படை பெர்ஸெபோலிஸ் நகரைத் தீக்கிரையாக்கியது. அந்தப் பேரழிவில் மறைநூல்கள் பல அழிந்தன என்று பார்சிகள் இன்றும் வருந்துவர். கி.பி. 224 முதல் ஆண்ட சாசானிய மரபினர் மீண்டும் இதனை அரச சமயமாக்கினர். அந்த மரபின் கடைசி மன்னர் மூன்றாம் யஸ்தெகிர்த் 651-இல், அரபுப் படையெடுப்புக்குத் தோற்று ஓடிய நிலையில், மெர்வ் நகர் அருகே கொல்லப்பட்டார். அதன்பின் ஜரதுஷ்டிர சமயத்தார் தம் சொந்த மண்ணிலேயே தாழ்த்தப்பட்ட சிறுபான்மையினர் ஆயினர்.

அவர்களில் ஒரு சாரார் கடலேறினர். அந்தப் பயணத்தைச் சொல்லும் நூல் ‘கிஸ்ஸா இ சஞ்ஜான்’. நவ்ஸாரியைச் சேர்ந்த பஹ்மன் கைகோபாத் என்ற புரோகிதர், வழிவழிக் கதைகளைக் கேட்டு, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீகச் செய்யுளாக இதை இயற்றினார். டியூ தீவில் பத்தொன்பது ஆண்டுகள் தங்கியபின், புயலில் சிக்கி, கரை சேர்ந்தால் நெருப்புக்குக் கோயில் எழுப்புவோம் என்று வேண்டிக்கொண்டு, குஜராத்தின் சஞ்ஜான் கரையை அடைந்தனராம். அது எட்டாம் நூற்றாண்டா, பத்தாம் நூற்றாண்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

சஞ்ஜானை ஆண்ட இந்து மன்னன் ஜாதி ராணா. அவன் நிபந்தனைகள் விதித்தான். உங்கள் சமயத்தை எனக்கு விளக்குங்கள்; இந்த நாட்டு மொழியைப் பேசுங்கள்; பெண்கள் இந்த நாட்டு உடை உடுத்தட்டும்; ஆயுதங்களைக் கீழே வையுங்கள்; திருமணத்தை மாலையில் நடத்துங்கள். அகதிகள் அனைத்துக்கும் உடன்பட்டனர். விளிம்புவரை பால் நிரம்பிய பாத்திரத்தை அனுப்பி இங்கே இடமில்லை என்று மன்னன் குறிப்பால் உணர்த்த, அவர்கள் தலைவர் அதில் ஒரு சொட்டும் சிந்தாமல் சர்க்கரையைக் கரைத்துத் திருப்பி அனுப்பினார் என்ற கதை அந்த நூலில் இல்லை, வாய்வழியாக வந்தது. இருந்தும் அந்தக் கதைதான் எல்லோருக்கும் தெரியும்.

நூலில் உள்ள மற்றொரு நிகழ்ச்சி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சில நூற்றாண்டுகள் கழித்துச் சஞ்ஜானைச் சுல்தானின் படை தாக்கியபோது, இந்து அரசன் தன்னிடம் அடைக்கலம் புகுந்தவர்களின் வழித்தோன்றல்களிடம் உதவி கேட்டான். அர்தெஷிர் என்பவரின் தலைமையில் 1,400 பார்சி வீரர்கள் போர்க்களம் புகுந்தனர் என்கிறது கிஸ்ஸா. முதல் நாள் வெற்றி. அடுத்து நேர்ந்த போரில் அர்தெஷிரும் அரசனும் மாண்டனர். சர்க்கரைக் கதையைக் காட்டிலும் நன்றியின் ஆழத்தைச் சொல்வது இந்த நிகழ்ச்சியே.

ஊர் வீழ்ந்ததும் அர்ச்சகர்கள் நெருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினர். பஹ்ரோட் மலைக்குகையில் பன்னிரண்டு ஆண்டுகள், பிறகு வான்ஸ்டா காட்டுப் பகுதியில் பதினான்கு ஆண்டுகள், பிறகு நவ்ஸாரி. 1323-இல் டில்லிப் படை திருவரங்கத்தைச் சூறையாடியபோது நம்பெருமாளைச் சுமந்துகொண்டு காடும் மலையும் கடந்து ஊர் ஊராக மறைந்து வாழ்ந்து, 1371-இல் மீண்டும் அரங்கத்தில் எழுந்தருளச் செய்த அடியார்களின் வரலாற்றைக் கேட்டவர்களுக்கு, பஹ்ரோட் குகையில் இரவெல்லாம் விறகிட்டுக்கொண்டு அமர்ந்திருந்த அந்த அர்ச்சகர்களின் முகம் தெரிந்த முகமாகவே இருக்கும். விக்கிரகத்தையாவது மண்ணில் புதைத்து மறைக்கலாம். நெருப்பை மறைக்க வழியில்லை. ஓர் இரவு கண்ணயர்ந்தாலும் போயிற்று.

பல இடங்கள் மாறிய ஈரான்ஷா 1742-இல் உத்வாடாவை அடைந்தது. சஞ்ஜானிலிருந்து நெருப்பைச் சுமந்து வந்த மரபினரான ஒன்பது குடும்பத்தாரே இன்றும் முறைவைத்து அதற்குப் பூசை செய்கின்றனர். ஆதர் மாதத்து ஆதர் நாளில், அக்கினிக்குரிய அந்தத் திருநாளில், நாடெங்கிலுமிருந்து அடியார்கள் சந்தனக் கட்டையுடன் வந்து வரிசையில் நிற்கின்றனர்.

எழுபத்திரண்டு இழைகள்

பார்சிக் குழந்தைக்கு ஏறத்தாழ ஏழு முதல் பதினொரு வயதுக்குள் ‘நவ்ஜோத்’ என்ற சடங்கு நடைபெறும். ‘சுத்ரே’ என்ற வெள்ளை மெல்லாடை அணிவித்து, அதன்மேல் இடுப்பைச் சுற்றி மூன்று சுற்றாக ‘குஸ்தி’ என்ற நூல் கட்டப்படும். ஆட்டுக்குட்டியின் உரோமத்தால் நெய்யப்பட்ட அந்த நூலில் 72 இழைகள். யஸ்ன நூலின் 72 அத்தியாயங்களைக் குறிப்பவை. உபநயனத்தை நினைவூட்டும் இச்சடங்கு, பெண் குழந்தைக்கும் ஆண் குழந்தைக்கும் வேறுபாடின்றிச் செய்யப்படுகிறது. சுத்ரேயின் கழுத்தருகே சிறிய பை ஒன்று தைத்திருக்கும். அது வெறும் பை, பணம் வைப்பதற்கில்லை. அன்றன்று செய்த நற்செயல்களை அதில் சேர்க்க வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லித் தருவார்கள்.

இந்தப் பாரம்பரியத்தை உலகம் அறிந்ததற்கும் ஓர் இந்தியப் புரோகிதரே காரணம். அங்கெத்தில் துப்பெரோன் என்ற பிரெஞ்சு இளைஞர் 1758-இல் சூரத் வந்து, தஸ்தூர் தாராப் என்பவரிடம் அவெஸ்தா பயின்றார். 1771-இல் பாரிசில் அவர் வெளியிட்ட மொழிபெயர்ப்பின் வழியாகவே ஐரோப்பா ஜரதுஷ்டிரரை நேராகச் சந்தித்தது. உபநிஷதங்களை, தாரா ஷிகோ செய்வித்த பாரசீக மொழிபெயர்ப்பிலிருந்து லத்தீனில் ஆக்கி, 1801-இல் வெளியிடத் தொடங்கியவரும் அதே துப்பெரோன்தான். அதற்கு வெகுகாலம் முன்பே, நேர்யோசங் தவல் என்ற பார்சிப் பண்டிதர் அவெஸ்தாவின் பகுதிகளைச் சம்ஸ்கிருதத்தில் பெயர்த்திருந்தார் என்பது பலரும் அறியாத செய்தி.

சென்னை வாசிகள் இந்த நெறியின் சுவட்டைக் காண உத்வாடா வரை செல்ல வேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்சிகள் சென்னைக்கு வந்து ராயபுரத்தில் குடியேறினர். நெடுங்காலம் அவர்களுக்கு அங்கே கோயில் இல்லை. பிரோஜ் கிளப்வாலா என்ற அன்பர், இளவயதில் மறைந்த தம் மகன் ஜாலின் நினைவாகக் கட்டிக் கொடுத்த அக்கினிக் கோயில் 1910-இல் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே நெருப்பு எரிகிறது. சென்னை சமூகப்பணிக் கல்லூரியைத் தோற்றுவித்த மேரி கிளப்வாலா ஜாதவ் அந்தச் சமூகத்தவரே.

கழுகுகள் இல்லாத வானம்

நிலம், நீர், நெருப்பு ஆகிய மூன்றும் புனிதம். அவற்றில் எதையும் பிணத்தால் மாசுபடுத்தலாகாது. ஆகவே இறந்தவர் உடலை ‘தக்மா’ என்ற உயரமான வட்டச் சுவருக்குள், திறந்த வானின் கீழ், பிணந்தின்னிக் கழுகுகளுக்கு விட்டுவிடுவது அவர்கள் மரபு. வாழ்நாளெல்லாம் பிற உயிர்களால் பிழைத்த உடல், கடைசியாக ஓர் உயிருக்கு உணவாகட்டும் என்பது அதற்கு அவர்கள் தரும் பொருள்.

1990-களில் அந்தக் கழுகுகள் மறையத் தொடங்கின. மாடுகளுக்கு வலி நீக்கக் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக் என்ற மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் பெரும்பான்மையான கழுகுகள் மாண்டன. கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தருவது 2006-இல் தடை செய்யப்பட்டது, காலம் கடந்துவிட்டிருந்தது. மும்பை மலபார் குன்றின் தக்மாக்களில் சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகள் பொருத்தப்பட்டன. மழைக்காலத்தில் அவை என்ன செய்யும்? முதியோர் சிலர் மனம் நொந்து, தங்களை எரித்துவிடுமாறு பிள்ளைகளிடம் சொல்லி வைத்தனர். அவ்வாறு எரிப்போருக்கான பிரார்த்தனைக் கூடம் ஒன்று மும்பை வொர்லியில் 2015-இல் திறக்கப்பட்டது. மரபு வழுவாத புரோகிதர்கள் அங்கே சென்று ஓத மறுத்தனர், சிலர் சென்றனர். இரு சாராரையும் குறை கூறுவது எளிதன்று. ஒருவர் மூவாயிரம் ஆண்டு விதியைக் காக்கிறார். மற்றவர் ஒரு மகனின் கண்ணீரைப் பார்க்கிறார்.

அதைவிடப் பெரிய கவலை பிறப்பில் இருக்கிறது. 1941-இல் பார்சிகளின் எண்ணிக்கை 1,14,890. 2001-இல் 69,601. அடுத்த பத்து ஆண்டுகளில் மேலும் பன்னிரண்டாயிரம் பேர் குறைந்தனர். தாமதத் திருமணம், திருமணமே செய்யாதிருத்தல், ஒற்றைக் குழந்தை, வெளிநாட்டுக் குடியேற்றம் ஆகியவை காரணங்கள். நடுவண் அரசு 2013-இல் ‘ஜியோ பார்சி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு உதவி வருகிறது.

பிறரை மதம் மாற்றிச் சேர்ப்பதை இந்தியப் பார்சிகள் ஏற்பதில்லை. 1908-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று, பார்சித் தந்தைக்குப் பிறந்த குழந்தைகளைப் பார்சிகளாகக் கொள்ள வழி செய்தது; தாய் மட்டும் பார்சியாயின் அந்தக் குழந்தைகளுக்குப் பல கோயில்களின் கதவு திறப்பதில்லை. வேற்று மதத்தவரை மணந்த பார்சிப் பெண், தன் பெற்றோரின் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ளலாமா என்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. கதவைத் திறந்தால் அடையாளம் கரைந்துபோகும் என்று பெரியவர்கள் அஞ்சுகின்றனர். திறக்காவிட்டால் உள்ளே இருக்க யாரும் எஞ்சமாட்டார்கள் என்று இளையவர்கள் கேட்கின்றனர். பாலில் கரைந்த சர்க்கரையின் கதையை இரு தரப்பினரும் மேற்கோள் காட்டுகின்றனர்.

புரோகிதம் பிறப்புரிமையாக வருவது. ஆனால் புரோகிதரின் மகன் பொறியாளராகிறான், கணக்காளராகிறான், கனடாவுக்குச் செல்கிறான். அவனைத் தடுக்கத் தந்தைக்கு மனம் வருவதில்லை. அர்ச்சகர் வருமானத்தில் மகன் குடும்பம் நடத்த முடியாது என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்? தம் முறை முடிந்ததும் அடுத்து யார் என்ற கேள்வியோடுதான் பல கோயில்களில் மூத்த அர்ச்சகர்கள் சந்தனக் கட்டையைக் கையில் எடுக்கின்றனர்.

உத்வாடாவில் ஐந்தாம் வேளைப் பூசை நள்ளிரவில் தொடங்குவது. அந்நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் இராது. முறைக்காரரான அர்ச்சகர் எழுந்து கை, கால், முகம் கழுவி, குஸ்தியை அவிழ்த்து மீண்டும் முடிந்து, வாயை வெண்துணியால் மூடிக்கொள்கிறார். சாம்பலை மெல்ல ஒதுக்கி, கனன்றுகொண்டிருக்கும் கங்கின்மேல் சந்தனத்தை அடுக்குகிறார். சுடர் எழுகிறது. அவர் மணியை அடிக்கிறார்.